வரிக்கு இரண்டு சொல் அதிகம்

என் ஓரகத்தியைப் பற்றி வேறு யாராவது எழுதினால் நல்லபடியாகத்தான் எழுதுவார்கள். அவளுக்கு வாய்த்தது அப்படி. அதனால் மற்றவர்கள் முந்திக்கொள்வதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அவளை என்னைப்போல் உற்றுப் பார்த்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. கட்டிய புருஷன்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டான்.

எங்கள் வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். என் கணவரின் தம்பியைக் கட்டிக்கொண்டு ஆறு வருஷத்துக்கு முன் வந்தாள். கீழே நாங்களும் மாமியாரும், மாடியில் அவர்கள் இருவரும், அடுப்பு மட்டும் ஒன்று. ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் போன் எடுக்கிற வேலையில் இருந்தாள். தவறான எண்ணுக்கு அடித்தவர்கள்கூட அவள் குரலைக் கேட்டுவிட்டுப் பல்லைக் காட்ட நாள் குறித்துக்கொண்டு போவார்களாம். இதை அவள் சொல்லவில்லை, மாமியார் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார்.

நான் உரம் வாங்கிப் போட்டு, பாட்டுப் பாடாத குறையாக வளர்த்த செடி காய்ந்து போகும். அவள் உடைந்த வாளியில் எதையோ செருகிவிட்டுப் போவாள், அது பூத்துத் தொலைக்கும். கையை நீட்டினால் பஸ் நிறுத்தம் இல்லாத இடத்திலும் அவளுக்கு நிற்கும். பதினேழு வருஷமாக மாமியார் என்னை "ஏம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். அவள் வந்த மூன்றாம் நாளே "கண்ணு" ஆகிவிட்டாள். எனக்கு வயிறு எரியாதா? எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

என் தொழில் டப்பிங் குரல். கதாநாயகிக்குப் பேசுகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். பதினான்கு வருஷமாகக் கூட்டத்தில் கத்துகிறவள், படியில் உருளுகிறவள், பிரசவ வலியில் துடிக்கிறவள், மூடிய கதவுக்குப் பின்னால் அழுகிறவள் எல்லாம் நான்தான். ஸ்டூடியோவில் எனக்கு "முனகல் அக்கா" என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

ஒரே ஒரு தடவை எனக்கு நாயகி கிடைத்தாள், அதுவும் வீடியோ கேமில். "உப்புக் கதவு" என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். மூடிப்போன உப்புச் சுரங்கத்துக்குள் காணாமல் போன தங்கையைத் தேடி ஒரு பெண் தனியாக இறங்குகிறாள். அவ்வளவுதான் கதை. மொத்தமாக அவள் பேசுவது நாற்பது வரி, மீதியெல்லாம் மூச்சு. குதித்தால் ஒரு மூச்சு, கயிற்றைப் பிடித்தால் ஒரு மூச்சு, அடிபட்டால், பயந்தால், தண்ணீரில் மூழ்கினால் தனித்தனி மூச்சு. எழுநூற்றுச் சொச்சம் சத்தங்களை மூன்று வாரம் மைக் முன்னால் தனியாக நின்று கொடுத்தேன். சாவதற்கு மட்டும் இருபத்தாறு விதம். அப்போது என் மகள், "பாட்டி, அம்மா இன்னைக்கு ஒன்பது தடவை செத்துட்டு வந்திருக்காங்க, சத்தம் போடாதீங்க" என்பாள்.

அந்த விளையாட்டு ஊரைக் கலக்கவில்லை. ஆனால் விளையாடிய சில நூறு பேர் அதன்மேல் உயிரை வைத்திருந்தார்கள். "அவள் மூச்சு விடும்போது எனக்கு மூச்சு வாங்குகிறது" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். அந்த ஒற்றை வரியைப் போனில் வைத்துக்கொண்டு தெருமுனைத் தையல்காரியிலிருந்து மகளின் டியூஷன் டீச்சர் வரை காட்டினேன். தையல்காரிக்கு இரண்டு தடவை.

சின்னவள் ஸ்டூடியோவுக்கு வந்ததற்கு நானே காரணம். ஒருநாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது, வெந்நீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். அன்றைக்கு ஒரு படத்துக்கு ரயில் நிலைய அறிவிப்பு ஒன்று தேவைப்பட்டது. டப்பிங் டைரக்டர் அவளைப் பார்த்து, "நீ சொல்லிப் பாரும்மா" என்றார். அந்த மனிதருக்கு "ஒன்மோர்" என்று பட்டப்பெயர். எப்படிப் பேசினாலும் "ஒன் மோர்" என்று இன்னொரு தடவை பேச வைக்காமல் விடமாட்டார். நான் கூட்டத்தில் ஒருத்தியாக "ஐயோ" என்று கத்தியதற்கே பதினோரு தடவை கத்த விட்டவர். சின்னவள் ஒரே தடவை பேசினாள். அவர் உடனே "ஓகே" என்றார். பதினான்கு வருஷத்தில் அந்த "ஓகே"யை முதல் டேக்கிலேயே நான் வாங்கியதில்லை. வீடு போகும் வரை நான் அவளோடு பேசவில்லை. தொண்டை கட்டியிருந்ததால் அவளுக்கு அது தெரியவும் இல்லை.

அடுத்த சில மாதத்தில் "உப்புக் கதவு" அனிமே தொடராக வருகிறது என்று செய்தி வந்தது. கார்ட்டூன் என்று சொன்னால் என் மகள் சண்டைக்கு வருவாள், ஆகவே அனிமே. வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அத்தியாயம். அதை நம் மொழியில் பேச வைக்கும் வேலை எங்கள் ஸ்டூடியோவுக்கே கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாயகிக்கு நான்தான் குரல் என்று யாரும் சொல்வதற்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒன்மோர் கூப்பிட்டு அனுப்பினார். போனதும், "உக்காரும்மா" என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னதே இல்லை. அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

"படத்துல அந்தப் பொண்ணுக்குப் பதினாறு வயசு. உன் குரல் கொஞ்சம் முத்திப் போச்சு. தப்பா எடுத்துக்காத."

"கேம்லயும் அதே பொண்ணுதானே சார்?"

"அதுல மூச்சுதானே விட்ட? மூச்சுக்கு வயசு தெரியாது. இதுல அவ பேசிக்கிட்டே இருக்கா."

"அப்ப யாரு சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "உன் வீட்டுச் சின்னப் பொண்ணுதான். அந்த ரயில் அறிவிப்பைப் போட்டுக் காட்டினேன், மேலிடத்துல ரொம்பப் பிடிச்சுப் போச்சு. நீ வசனத்தை எழுது. உன்னைவிட அந்தக் கதை யாருக்குத் தெரியும்?"

என் முகத்தில் ஈயாடவில்லை. "சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை நடந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் அவளுக்கு அதற்குள் போன் போயிருந்தது. மாடியிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, இது நீங்க பண்ண வேண்டியது. நான் மாட்டேன்னு சொல்லிடறேன்."

"அய்ய, எனக்கென்ன? தாராளமா பண்ணு."

"நிஜமாவாக்கா?"

"பொய்யா சொல்றேன்? போ, போ."

அவள் விட்டுக்கொடுத்து நான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். அதற்குப் பதில் நான் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு தெருவில் நின்றிருப்பேன். இந்தத் தொடர் நன்றாக வந்தால், அடுத்து வரவிருக்கும் இரண்டு வருஷத்து நீளத் தொடருக்கும் அவளையே நாயகியாகப் போடுவதாக ஸ்டூடியோவில் சொன்னார்கள். அதை நம்பிச் சின்னவள் பல் மருத்துவமனை வேலையை விட்டாள். அந்த நீளத் தொடர் எனக்குக் கிடைக்க வேண்டும் என்று நான் அப்போதே மனத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

டப்பிங் வசனம் எழுதுவது என்றால், திரையில் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பார்த்து அந்த நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி சொல்லைப் பொறுக்கிப் போடுவது. நடுவில் மூச்சு வாங்க இடம் விட வேண்டும். பேசிப் பழகியவர்களுக்குத்தான் அந்த இடம் தெரியும். பேப்பரில் படித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வரி அழகாகத்தான் இருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், மற்ற எல்லாருக்கும் கச்சிதமாக எழுதினேன். நாயகிக்கு மட்டும் வரிக்கு இரண்டு சொல் அதிகம் வைத்தேன். "நீ எங்கே இருக்கிறாய்" என்று முடிய வேண்டியதை "நீ இப்போது எங்கேதான் இருக்கிறாய் சொல்" என்று இழுத்தேன். மூச்சு வாங்கும் இடத்தையெல்லாம் சொல்லை வைத்து அடைத்தேன். எட்டு நாள் உட்கார்ந்து, சாப்பாட்டைக்கூட மறந்து, அவ்வளவு கவனமாக என் ஆயுசில் நான் எதையும் எழுதியதில்லை.

ஒலிப்பதிவுக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். அடுத்த நாள் வேறு ஸ்டூடியோவில் வேலை என்றேன். எதிர்ச்சாரி டீக்கடையில் உட்கார்ந்து, ஒன்மோர் இப்போது எத்தனையாவது "ஒன் மோர்" சொல்லிக்கொண்டிருப்பார் என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன். டீ இனித்தது.

சாயங்காலம் அவள் கரகரத்த குரலோடு வந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பாள்.

"என்ன, கஷ்டமா இருக்கா?" என்று அக்கறையாகக் கேட்பேன்.

"இல்லக்கா. எனக்குத்தான் இன்னும் பிடிபடல. சரியாயிடும்."

தொடர் வெளியான ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடே முன்னறையில் உட்கார்ந்தது. பத்து நிமிஷத்தில் எனக்கே பாவமாகிவிட்டது, அந்தச் சுரங்கத்தை நினைத்து. விளையாட்டில் இருட்டுதான் பயமுறுத்தும், இதில் சுரங்கம் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சமாக இருந்தது. ஆட்கள் நட்ட கம்பமாக நிற்கிறார்கள், வாய் மட்டும் அசைகிறது. ஓடுகிற காட்சி வந்தால் அதே பாறை நான்கு தடவை கடந்து போகிறது. தனியாக இறங்கவேண்டியவளுக்குத் துணையாக நீல முடி வைத்த இளவரசன் ஒருவன், பேசும் வௌவால் ஒன்று. தங்கையைத் தேடுவதை விட்டுவிட்டு இவள் அவனோடு சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்ன சித்தி இது?" என்று என் மகள் தலையில் கையை வைத்தாள். "கேம்ல இவ வாயே திறக்க மாட்டா. இங்க வாயை மூட மாட்டேங்கிறா."

"நான் என்ன பண்ணட்டும், எழுதிக் குடுத்ததைப் பேசினேன்" என்று சின்னவள் சிரித்தாள். ஆனால் தன் குரல் வரும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குரல் ஓடியது. பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் போலத் தத்தளித்து ஓடியது. மாமியார் பாதியில் குறட்டை விட்டார். எழுந்ததும் "நல்லா பேசின கண்ணு" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்தது. இப்படியும் ஒரு குப்பையை எடுக்க முடியுமா! அதற்கு இவள் குரல்! முத்திப்போன குரலுக்கு அந்த அவமானம் இல்லை பாருங்கள். அன்றைக்கு நானே எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தொடரை யாரும் பார்க்கவில்லை. இணையத்தில் மொத்தமே பதினெட்டு பேர் எழுதினார்கள். பதினேழு பேர் படத்தைத் திட்டினார்கள். ஒருவர் மட்டும், "படம் நகரவில்லை, குரல் நிற்கவில்லை" என்று எழுதியிருந்தார். அந்தப் பதினெட்டாவது ஆள் நான் இல்லை. இருந்திருக்கலாம், தோன்றவில்லை.

படத்தை எடுத்தவர்களை ஸ்டூடியோக்காரர்கள் திட்ட முடியுமா? இங்கே யாரையாவது கைகாட்ட வேண்டியிருந்தது. பதினோராவது வாரம் ஒன்மோர் எனக்குப் போன் செய்தார். "குரல்தான் காரணம்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. கடைசி அத்தியாயம் இன்னும் வரல, பேசி வெச்சதை எடுத்துட்டு அதை நீ பேசு. நீளத் தொடரும் இனி உனக்குத்தான். சின்னப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்."

அன்றைக்கு அவள் கீழே வரவில்லை. பழைய மருத்துவமனைக்குப் போன் செய்து கேட்டிருக்கிறாள், அங்கே வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். அதைக் கொழுந்தன் சொல்லித்தான் தெரிந்தது. நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். காட்சியின் நீளம் தெரியட்டும் என்று ஒலிப்பதிவாளர் சின்னவளின் பழைய பதிவை வெட்டாமல் அப்படியே ஓடவிட்டார். வரி ஓடி முட்டி நின்றது. நடுவில் ஒன்மோரின் குரல் கேட்டது.

"வரி நீளமா இருக்கும்மா. ரெண்டு வார்த்தையை வெட்டிடறேன்."

"வேண்டாம் சார்." அவள் இருமினாள். "அக்கா கணக்குப் பண்ணித்தான் எழுதியிருப்பாங்க. இந்தப் பொண்ணாவே மூணு வாரம் இருந்தவங்க சார் அவங்க. எனக்குத்தான் மூச்சு பத்தல."

"இது முப்பதாவது டேக்கும்மா."

"தெரியும் சார். காலையில வீட்டு மாடிப்படியை இருபது தடவை ஏறி இறங்கிப் பழகிட்டுத்தான் வர்றேன். ஒன் மோர் போலாம் சார்."

அவள் படி ஏறி இறங்கியதை நானும் பார்த்திருந்தேன். உடம்பைக் குறைக்கிறாள் என்று நினைத்து அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தேன். ஒன்மோரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரி வரியாக எதை எங்கே சேர்த்தேன் என்று பேப்பரில் கோடு போட்டுக் காட்டினேன். நல்லவளாகிவிட்டதால் இல்லை, சுத்தமான வெட்கத்தால்.

அவர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடிப்பாவி" என்றார். பிறகு, "சரி, இப்ப என்ன? படமே குப்பை. யாருக்குத் தெரியப் போகுது? போய் மைக் முன்னாடி நில்லு."

"நான் பேசமாட்டேன் சார். வரியைக் குறைச்சுத் தர்றேன், அவளே பேசட்டும். கேட்டுப் பாருங்க. சரியா வந்தா நீளத் தொடரையும் அவளுக்கே குடுங்க. மேலிடத்துல நானே வந்து சொல்றேன்."

"சொன்னா உனக்கு இனிமே எழுத வேலை வராது."

"வராட்டிப் போகுது" என்றேன். சொல்லும்போதே அடிவயிற்றில் பொசுபொசுவென்று எரிந்தது. நீளத் தொடர், இரண்டு வருஷம்! மேலிடத்திலும் சொல்லி, வரிகளைக் குறைத்தும் கொடுத்து, என் வாயாலேயே அவளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நேரே மாடிக்குப் போனேன். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "நல்லா பேசினீங்களாக்கா? உங்களுக்கு ஒரே டேக்கா இருந்திருக்கும்."

"நான் பேசல. உன் வரியையெல்லாம் நான் வேணும்னேதான் நீளமா எழுதினேன். உனக்கு வரக்கூடாதுன்னுதான்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எந்த வரியை?"

"எல்லா வரியையும்."

"பன்னெண்டு அத்தியாயத்துலயுமா?"

"ஆமா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த தொழில். அவள் துணியை மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்கு உன்னைக் கூப்பிடுவாங்க. வரியைச் சரி பண்ணிட்டேன். போய்ப் பேசு" என்றேன். "நீளத் தொடரும் உனக்குத்தான்."

"போறேன்" என்றாள். "ஆனா அந்த வரியையும் வேற யாராவது ஒரு தடவை பார்க்கட்டும்."

போனாள், பேசினாள், நான்காவது டேக்கில் "ஓகே" வாங்கினாள். நீளத் தொடரும் அவளுக்கே வந்தது. எனக்கு எழுதும் வேலை போயிற்று. நான் பழையபடி கூட்டத்தில் கத்துகிறேன், படியில் உருளுகிறேன். வீட்டில் அவள் என்னோடு சண்டை போடவில்லை. குழம்பு கொதித்துவிட்டதா, மோட்டார் போட்டாயிற்றா என்று கேட்கிறாள். "அக்கா" என்றுகூடக் கூப்பிடுகிறாள், மாமியார் பக்கத்தில் இருந்தால்.

நீளத் தொடருக்கு வசனம் எழுத ஒரு ஒல்லி மனிதர் வந்திருக்கிறார். நேற்று முளைத்தவர், மூச்சு எங்கே வாங்குவது என்றுகூடத் தெரியாது. போன வாரம் கூட்டத்தில் கத்துவதற்காகக் காத்திருந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஏதோ ஒரு வரியில் அவள் தடுக்கி நின்றாள். அவர் பதறிப்போய்ப் பேனாவை எடுத்தார்.

"இருங்க சார்" என்றாள் அவள். "நீங்க சரியாத்தான் எழுதியிருப்பீங்க. நான் இன்னொரு தடவை பார்க்கிறேன்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த ஒல்லி மனிதரைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு பற்றி எரிகிறது.